நெற்றியில் பொட்டு வைத்த வண்டு

பரிஸின் லா சப்பலில், படங்களுக்குப் பிரேம் போடும் கடையில் வேலை செய்தவன் நான். எங்களிடம் வருபவர்கள் இரண்டே வகை: சுவாமிகள், செத்தவர்கள். கண்ணாடிக்குப் பின்னால் போன பிறகு யாரும் குறை சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு அந்தத் தொழில் பிடித்தது.

ஒரு ஓகஸ்ட் மாதம். பரிஸில் பாதிக் கடைகள் விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தன. வேறு வழியில்லாமல் ஒரு நூலகம் எங்களிடம் ஒரு பழைய தாளை அனுப்பியது. பால்டிக் கடற்கரையில் இருநூறு வருடங்களுக்கு முன் இருந்த ஒரு பாதிரியார், பூச்சிகளைப் பிடித்துவந்து பார்த்துப் பார்த்துக் கையால் தீட்டிய ஏடாம். நடுவில் ஒரு கறுத்த வண்டு. கால் மயிர்கூடத் தெரிந்தது. வேலை பிடித்தால், நூலகம் நடத்தப்போகும் கண்காட்சிக்கான மிச்சத் தாள்களும் எங்களுக்குத்தான் என்றார்கள். முதலாளி குணம் அண்ணைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"செத்தவீட்டுப் படத்துக்குப் பிரேம் அடிச்சே என்ரை காலம் போயிட்டுது. இனி நாங்கள் மியூசியமடா!"

வெள்ளிக்கிழமை பின்னேரம் படத்தை எடுக்க ஒரு வயதான பேராசிரியர் வந்தார். பூச்சி ஏடுகளைப் பற்றி எழுதுபவர். இந்தத் தாளை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார். குணம் அண்ணை சுவர்த் தட்டிலிருந்து எடுத்து அவர் முன் வைத்தார். பூதக்கண்ணாடியோடு குனிந்த மனிதர் நிமிரவேயில்லை.

"நெற்றியில் சிவப்பு!" என்று பிரெஞ்சில் கத்தினார். "இந்த வண்டுக்குச் சிவப்பே கிடையாது. இது புதிது!"

அந்தச் சிவப்பு எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குணம் அண்ணையின் மனைவி யோகம் அக்கா, வெள்ளிதோறும் தட்டிலிருக்கும் படங்களுக்கெல்லாம் கண்ணாடிமேல் குங்குமம் வைப்பார். பிள்ளையாருக்கு வைத்த கையோடு வண்டுக்கும் வைத்திருக்கிறார். அதுவும் நடு நெற்றியில்.

பேராசிரியர் உடனே நூலகத்துக்குப் போன் எடுத்து, கண்காட்சிச் சுவரொட்டியில் இந்த வண்டைத்தான் போட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

"வாயைத் திறக்காதை," என்று குணம் அண்ணை என் காதைக் கடித்தார். "மிச்சத் தாள்களின்ரை ஓடர் முக்கியம்."

"அண்ணை, நாளைக்கு ஆரும் துடைச்சால் மனுசன்ரை மானம் போயிடும்."

எனக்கும் அந்த ஓடர் வேண்டும்தான். ஆனால் பேராசிரியரின் சந்தோசத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிரெஞ்சில் இதை எப்படித் தொடங்குவது? கண்ணாடிமேலிருந்த சிவப்பை விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன்.

அவர் வண்டைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். போனில் யாரோ "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்தா யோகம் அக்கா உள்ளேயிருந்து வர வேண்டும்?

"ஏன்ராப்பா அழிச்சனீ? வெள்ளிக்கிழமையெல்லோ!"

"அக்கா, இது வண்டு."

"எனக்கென்ன கண் தெரியாதே? சாமிக்கு வைக்கிறம், செத்தவைக்கு வைக்கிறம். இதும் செத்ததுதானே?"

அவர் என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் கேட்டார். அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். குணம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

பேராசிரியர் போனில், "சுவரொட்டியை மறந்துவிடுங்கள்," என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"உயிரோடு இருப்பவர்களுக்கு வைப்பதில்லையா?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னதும் யோகம் அக்கா குங்குமச் சிமிழோடு வந்துவிட்டார். "கொஞ்சம் குனியச் சொல்லு."

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு: கண்ணாடியைத் துடைக்காமல் படத்தைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் பிழையாகச் சந்தோசப்பட்டால், கடையை விட்டு இறங்குமுன் சொல்லிவிடுங்கள். ஓடர் போய்விடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அடுத்த கிழமை பேராசிரியர் மிச்சத் தாள்களைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்தவர், பொதியை மேசையில் வைக்குமுன்பே நெற்றியைக் காட்டிக் குனிந்தார்.