தையல்நாயகியின் இரண்டு ரிப்போர்ட்

1. எது தப்பு?

"சார், இந்த ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க. ஒரு ஆபரேஷனே இதுல நிக்குது" என்று டாக்டரம்மா இரண்டு தாள்களை என் மேஜையில் வைத்தார்.

முப்பத்தோரு வருஷம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருந்தால் வீட்டில் மரியாதை குறையும் என்று, தஞ்சாவூரில் டாக்டரம்மா நடத்திய ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே வயல் வேலை செய்பவர்களில் சிலருக்கு ஏன் கிட்னி கெடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. வெயிலா, குடிக்கிற தண்ணீரா, பூச்சி மருந்தா, வலி மாத்திரையா என்று பல நாடுகளில் பெரிய பெரிய ஆட்களே குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு நாங்களும் குழம்பலாம் என்று, குறுவை நடவு நேரத்தில் பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முகாம் போட்டோம்.

இரண்டு தாளுமே தையல்நாயகி என்பவருடையவை. நடவு வேலைக்குப் போகிறவர், வயது நாற்பத்திரண்டு. அவருடைய தம்பி முருகேசனுக்கு இரண்டு கிட்னியும் போய், டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அக்காவின் கிட்னி தம்பிக்குப் பொருந்தியிருந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் இந்தக் குழப்பம்.

ஆஸ்பத்திரி லேபில் அவருக்குக் கிரியாட்டினின் 0.8. எங்கள் முகாமில் 1.4. கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு. ரத்தத்தில் அது ஏறினால் கிட்னி சுணங்குகிறது என்று அர்த்தம். 0.8 நல்ல எண். 1.4 வந்த பெண்ணிடமிருந்து யாரும் கிட்னி எடுக்க மாட்டார்கள்.

எங்கள் தாளை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. தையல்நாயகியேதான் மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார்.

"டாக்டருங்க குடுத்த காயிதத்த ஒண்ணு விடாம காட்டணும்ல?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

2. மெஷின் மேல் பழி

லேபில் சந்தேகம் வந்தால் முதலில் மெஷினைத்தான் திட்டுவோம். அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டினேன், சரியாக வந்தது. மறுபடி கேலிபரேஷன் செய்தேன், அதுவும் சரி. லேபிள் மாறிவிட்டதா என்று ஒவ்வொரு டியூபாகப் பார்த்தேன், மாறவில்லை. மிச்சம் இருந்தது நான்தான். அறுபதைத் தாண்டியவன், கை நடுங்கியிருக்குமோ, கண் தவறியிருக்குமோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தையல்நாயகியைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தேன். தம்பியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் அது; அங்கே கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் ஆராய்ச்சி லேபிலேயே பார்த்தேன். 0.8. அடுத்த வாரம் கிராமத்து முகாமில் எடுத்தேன். 1.4. அதே ஆள், அதே மெஷின், அதே நான். முகாமில் மற்ற நடவுப் பெண்கள் பலருக்கும் எண் கூடுதலாகவே வந்தது. அதே வயல்களில் வேலை பார்த்த ஆண்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டுல எதுங்க என்னோடது?" என்று தையல்நாயகி கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. "பாத்துக்கிட்டிருக்கோம்மா" என்றேன். முப்பது வருஷத்தில் இந்தப் பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ.

3. குறையாத குடம்

வேறு வழியில்லாமல் ஒரு நாள் காலையிலேயே குடையோடு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். எதைப் பார்க்க வந்தேன் என்று எனக்கே தெரியாது. பன்னிரண்டு பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் நட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். வெயில் கொளுத்தியது. குடைக்குள் இருந்த நானே பத்து மணிக்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டேன்.

வரப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. பதினோரு மணிக்குப் பார்த்தேன், குறையவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்ததோடு சரி. இரண்டரை மணிக்குக் கரையேறியவர்கள், மிச்சத் தண்ணீரைக் காலில் ஊற்றிச் சேறு கழுவினார்கள்.

"ஏம்மா, குடிக்கலையா யாரும்?" என்று கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் தையல்நாயகிதான் எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"குடிச்சா ஒதுங்கணும்ல. இந்தாண்ட ரோடு, அந்தாண்ட வாய்க்கா. நடவு வயல்ல மறைவு ஏதுங்க? ஆம்பளைங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறாங்க. நாங்க எங்க போறது?"

"அப்ப ஃபாரத்துல தண்ணி குடிப்பீங்களான்னு கேட்டப்ப குடிப்போம்னு சொன்னீங்களே?"

"குடிப்போந்தான். வீட்டுக்குப் போயி குடிப்போம்."

பொய் சொல்லவில்லை அவர்கள். எப்போது குடிப்பீர்கள் என்று நாங்கள்தான் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, அவர்களுடைய வேலை கெடக் கூடாது என்று முகாமை மூன்று மணிக்கு வைத்தது. காலையிலிருந்து வெயிலில் வறண்ட உடம்போடு கரையேறி நேரே எங்களிடம் வந்து கையை நீட்டியிருக்கிறார்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் கிரியாட்டினின் ஏறும், குடித்து ஓய்ந்தால் இறங்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் தையல்நாயகி வயலுக்குப் போவதில்லை. ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வெட்கமாக இருந்தது.

4. டாக்டரம்மாவின் முடிவு

"அப்ப ரெண்டு ரிப்போர்ட்டும் சரி" என்றார் டாக்டரம்மா. எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

பக்கத்தில் நின்ற தையல்நாயகி, "அப்ப தம்பிக்குக் குடுக்கலாங்களா?" என்றார்.

"இன்னைக்கு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இருபத்தஞ்சு வருஷமா நடவுக்கு நடவு காஞ்சு காஞ்சு மீண்டு வர்ற கிட்னி. உன் தம்பியும் இதே வயல்ல வேலை பாத்தவர்தான். ஒண்ண எடுத்துட்டா மிச்சம் இருக்கற ஒண்ணு தாங்குமான்னு எனக்குத் தெரியல. அதத் தெரிஞ்சுக்கத்தான் ஆராய்ச்சியே நடக்குது. தெரியாம கத்தி வைக்க மாட்டேன்."

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிட்னி கிடைப்பதற்கான வரிசையில் முருகேசன் பெயரைப் பதிந்தார்கள். தையல்நாயகி அழவில்லை. வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "அந்தக் காயிதத்த நான் காட்டாம இருந்திருந்தா?"

காட்டாமல் இருந்திருந்தால் ஆபரேஷன் நடந்திருக்கும். நாங்கள் அக்காவைக் காப்பாற்றினோமா, தம்பியைக் கைவிட்டோமா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

5. இப்போது

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், அதுவரை அவர் என்ன வேலை செய்தார், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எங்கள் ஃபாரத்தில் இப்போது அதற்கு மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முப்பத்தோரு வருஷம் இது இல்லாமல்தான் எழுதித் தள்ளியிருக்கிறேன்.

தையல்நாயகியைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. டயாலிசிஸ் நாட்களில் தம்பியை மாடியில் படுக்க வைத்துவிட்டுக் கீழே என் லேபுக்கு வருவார். மூலையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை நிதானமாகக் குடிப்பார்.

"வீட்ல குடிக்கறதில்லையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பிக்குக் குடிக்கற தண்ணி வெளிய போகாதுல்ல, ஒரு நாளைக்கு ரெண்டு தம்ளருன்னு அளவு வச்சிருக்காங்க. அவன் பாத்துக்கிட்டு இருக்கறப்ப எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. வயல்ல மறைவில்ல. இங்கதான் பாத்ரூமும் இருக்கு, தம்பியும் இல்ல."

காலி பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். மஞ்சப்பையில் ரிப்போர்ட்டுகளுக்கு அடியில், தம்பி கண்ணில் படாதபடி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.