ஸ்பானிஷ் தொலைக்காட்சியின் முதல் ரசிகர்கள்

ஹனோவரில் ஒற்றை அறையில் தொடங்கிய ஸ்பானிஷ் தொலைக்காட்சியின் ஆண்டு விழாவில் அதன் வரலாற்றைப் படமாகப் போட்டார்கள். முதல் நிகழ்ச்சியில் கைதட்டும் கூட்டத்தில் ஒரு ஸ்பானியர்கூட இல்லை. பட்டுச் சேலையில் அக்கா, வேட்டியில் அத்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான், பின்னால் எங்கள் நாடகக் குழு.

அன்று அந்த ஒற்றை அறை ஸ்டூடியோவில் எங்கள் நாடக ஒளிப்பதிவு இருந்தது. அத்தான் ஆடி அசைந்து வெளிக்கிட்ட வேகத்தில் ஒரு மணிநேரம் பிந்திப் போனோம்; எங்கள் நேரம் முடிந்து ஸ்பானியர்களின் முறை வந்திருந்தது. அவர்கள் அழைத்திருந்த ரசிகர்களோ எங்களைவிடப் பிந்தினார்கள். வெறும் கதிரைகளைக் கண்டு பதறிய அறிவிப்பாளர் எங்களைப் பிடித்து இருத்திவிட்டார். ஒரு சொல்லும் விளங்காமல் கைதட்டினோம்.

இப்போது விழா மேடைக்கு எங்களை அழைத்துப் பூங்கொத்துத் தந்தார்கள். அத்தான் என் காதருகே குனிந்தார்.

“நேரத்துக்கு வாங்கோ எண்டு எப்ப பாத்தாலும் கத்துவாய். பிந்தி வந்தபடியால்தானே சரித்திரத்திலை நிக்கிறம்!”