சுவரில் சாய்ந்த இரண்டு வல்லரசுகள்

எங்கள் லயத்து வீட்டின் முன் திண்ணையான அஞ்சடியில், சாரல் படாத சுவரோரமாக, இரண்டு வல்லரசுகள் சாய்ந்து நின்றன. ஒன்று அப்பாவின் சீமைச் சைக்கிள். வேலையை விட்டு ஊருக்குப் போன ஒரு கிராணியிடம், அதாவது தோட்டத்துக் கணக்கரிடம், வாங்கியது. கறுப்பு, கனம், எருமை மாதிரி ஒரு அமைதி. இன்னொன்று மாமாவின் ஜப்பான் சைக்கிள். தெமியாங் கடைத்தெருவில் சீமைச் சைக்கிளின் கால்வாசி விலைக்குக் கிடைத்தது. மெலிந்த உடம்பு, பச்சைச் சாயம், மேடு கண்டால் கழன்றுகொள்ளும் சங்கிலி. மாமா என்றால் அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார்.

கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் சாயங்காலங்கள் நீளமானவை. பால்வெட்டு முடிந்து, குளித்து, அடுப்பில் உலை ஏறியதும் அப்பாவும் மாமாவும் அஞ்சடியில் எதிரெதிரே உட்காருவார்கள். உட்கார்ந்ததும் யுத்தம் தொடங்கிவிடும்.

அப்பா இங்கிலாந்து; மாமா ஜப்பான். யார் கப்பல் பெரிது, யார் விமானம் உயரம், யார் பீரங்கி தூரம். அப்பாவின் தகவல்கள் புதுக் கிராணி வீட்டுப் பத்திரிகையிலிருந்து வந்தவை, அதுவும் ஒரு வாரம் பழையவை. மாமாவின் தகவல்கள் தெமியாங் முடிவெட்டும் கடையிலிருந்து வந்தவை, சுடச்சுட. இரண்டு பேருமே ஒரு போர்க்கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் கப்பல்கள் நாளுக்கு நாள் வளர்ந்தன.

"சயாம்காரன் துப்பாக்கி வாங்கணும்னா யாருகிட்ட போறான்? சீனாக்காரன் யாருகிட்ட போறான்? எல்லாம் வெள்ளக்காரன்கிட்டதான்," என்பார் அப்பா.

"அது அப்போ, மச்சான். இப்போ சயாம்காரன் ஜப்பான் கப்பலத்தான வாங்குறான். வெல கம்மி, வேகம் ஜாஸ்தி. நம்ம சைக்கிளு மாதிரி."

"ஒன் சைக்கிளு மாதிரின்னா நடுக்கடல்ல சங்கிலி கழண்டுக்கும்."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "ரெண்டு பேரு வண்டிக்கும் டயரு நான் வெட்டுற மரத்துப் பாலுதான். பேசாம சாப்புட வாங்க."

ஆனால் தீர்ப்பு வராமல் எழுந்திருக்க மாட்டார்கள். நீதிபதி நான். எனக்கு எட்டு வயது. இருவருக்கும் நடுவில், கால் தொங்க உட்கார்ந்திருப்பேன். முடிவில் மாமா கேட்பார்: "சொல்லு பாப்பா, இன்னைக்கு யாரு ஜெயிச்சா?"

எனக்குக் கப்பலும் தெரியாது, பீரங்கியும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: நேற்றுத் தோற்றவர் இன்று ஜெயிக்க வேண்டும். இன்று அப்பா என்றால் நாளை மாமா. என்னுடைய நீதி அவ்வளவுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஜெயித்தவர் என் தலையில் கைவைத்து ஆட்டுவார். தோற்றவர் என்னைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போவார். எப்படிப் பார்த்தாலும் எனக்கு லாபம்.

பிறகு நிஜ யுத்தம் வந்தது. பொங்கலை ஒட்டிய நாட்கள். வெள்ளைக்காரத் துரை தன் நாயைக்கூட விட்டுவிட்டுக் காரில் தெற்கே போனார். பின்னாலேயே லாரிகள் போயின. இரண்டு நாள் சாலை காலியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு சத்தம். தாரில் இரும்பு அரைபடும் சத்தம். ரப்பர் மரங்களுக்கு ஊடாக அது நூறு சத்தங்களாகச் சிதறி வந்தது. "டாங்கி," என்றார் அப்பா. அம்மா என்னை இழுத்து மடிக்குள் அமுக்கிக்கொண்டாள். அவள் சேலையில் ரப்பர் பாலின் புளித்த வாசனை. இன்றைக்கும் பயம் என்றால் எனக்கு அந்த வாசனைதான்.

வந்தது டாங்கி அல்ல. சைக்கிள்கள். வரிசை வரிசையாக, டயர் கிழிந்துபோய், வெறும் இரும்பு வளையத்திலேயே உருண்டு வந்த சைக்கிள்கள்; மேலே ஜப்பான் சிப்பாய்கள். மாமா அப்பாவைப் பார்த்தார். சிரிக்கக் கூடாத நேரம் என்று தெரிந்தும் அவருக்கு உதடு நிற்கவில்லை. "மச்சான், அந்தப் பெரிய கப்பலு எங்க?" என்றார் மெதுவாக.

அவர்களில் ஒருவன் எங்கள் லயத்துக்கு வந்தான். வெயிலில் கறுத்த, குள்ளமான, மிகவும் களைத்த ஆள். அஞ்சடியில் நின்ற இரண்டு சைக்கிள்களையும் பார்த்தான். மாமா சட்டென்று முன்னால் போய்த் தன் பச்சைச் சைக்கிளை அவன் பக்கம் தள்ளி, "நிப்போன், நிப்போன்," என்றார், ஜப்பான் வண்டி என்கிற அர்த்தத்தில். இந்த நேரத்தில்கூட மாமா பெருமையடிக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சிப்பாய் குனிந்து அதன் சங்கிலியைப் பார்த்தான், பிரேக்கை அழுத்தினான், ஏதோ சொல்லித் தலையை ஆட்டினான். பிறகு அப்பாவின் சைக்கிளை எடுத்தான். மணியை இரண்டு முறை அடித்துப் பார்த்தான், குழந்தை மாதிரி. ஏறிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அப்பா அஞ்சடிக்கே வரவில்லை. மறுநாள் சாயங்காலம் அஞ்சடியில் வந்து உட்கார்ந்தவர், தன் சைக்கிள் நின்ற வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே. ஜப்பான்காரனே வந்து சொல்லிட்டுப் போயிட்டான், எந்தச் சைக்கிளு ஒசத்தின்னு."

மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்தன. பறிகொடுத்த சைக்கிளை வைத்து அப்பா ஒரு வருஷம் வாதாடினார். அதைவிடப் பலமான ஆயுதம் அவர் கையில் எப்போதும் இருந்ததில்லை.

அந்த ஒரு வருஷத்தில் அரிசி போனது, மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி போனது, அம்மா சாக்கைத் தைத்தாள். ரப்பரை வாங்க ஆளில்லை. ஆனாலும் ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூடம் சில நாள் எரிந்தது. அங்கே நின்று நின்று வந்த அப்பாவின் இருமல் மட்டும் எல்லா நாளும் எரிந்தது. இருமல் நடுவே யுத்தம் தொடர்ந்தது, தீர்ப்பும் தொடர்ந்தது. இன்று அப்பா, நாளை மாமா.

ஒரு நாள் காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலிருந்து கங்காணி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். இரண்டு ஆம்பளை இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டுமாம். "மூணே மாசம். செனாங், லேசான வேல. அரிசி குடுக்குறான்," என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, முற்றத்துப் பப்பாளி மரத்தைப் பார்த்தார். "யாருன்னு நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடுங்க. நீங்களா சொல்லலேன்னா அவன் பாத்து எழுதிக்குவான்." ஏற்கெனவே போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அது எனக்கும் தெரியும். கடிதம் வராததற்கு என்ன பொருள் என்பதுதான் தெரியாது.

அன்று சாயங்காலம் மாமாவின் முறை. முந்தின நாள் அப்பா ஜெயித்திருந்தார். நான் தீர்ப்போடு தயாராக உட்கார்ந்திருந்தேன். அப்பா வழக்கம்போலக் கப்பலில் தொடங்கினார், குரலில் சுரத்தில்லாமல். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, என் வாழ்நாளில் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"நீங்க சொல்றதுதான் சரி, மச்சான். கப்பலுன்னா வெள்ளக்காரன்தான். நா ஒத்துக்கறேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாமா என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு அப்பா ஜெயிச்சாச்சு, பாப்பா. தெரிஞ்சுக்க," என்றார். எனக்கு ஏமாற்றம். இரண்டு நாள் தொடர்ந்து அப்பாவே ஜெயிப்பது என் சட்டத்தில் இல்லை. நாளைக்கு என்ன ஆனாலும் மாமாதான் என்று அப்போதே முடிவு கட்டிக்கொண்டேன். அன்று என்னைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போனவர் மாமா. வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார்.

மறுநாள் கப்பல் இல்லை, பீரங்கி இல்லை. தங்களையே ஒப்பிட்டார்கள்.

"பத்து வருசம் புகைக்கூடத்துல வெந்தவன் நா. சயாம் வெயிலு என்னை என்ன பண்ணும்?" என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

"அந்த இருமலுக்கே ஜப்பான்காரன் ஒங்கள லாரிய விட்டு எறக்கிடுவான். என் கையப் பாருங்க." மாமா முற்றத்து ஆட்டுக்கல்லைத் தூக்கிக் காட்டினார். அப்பாவும் எழுந்து தூக்கினார். முழங்கால் வரை வந்தது, முகம் சிவந்தது, இறக்கினார்.

"ஒனக்கு வாழ வேண்டிய வயசுடா."

"ஒங்களுக்கு வளக்க வேண்டிய புள்ள இருக்கு."

எனக்கு ஒரே குதூகலம். அவர்கள் ஆடிய ஆட்டங்களிலேயே இதுதான் சிறந்தது; கண்ணால் பார்க்க முடிகிற ஆட்டம். அம்மா வாசற்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. அவள் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய் வலிக்கப் பேசி என்ன ஆவப்போவுது, மச்சான்? எப்பவும் போலப் பாப்பா சொல்லட்டும். என்னா சொல்லுதோ அதான். ஒத்துக்கறீங்களா?"

மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"சொல்லு பாப்பா. யாரு ஜெயிச்சா?"

அம்மாவின் கத்தி நின்றது.

"மாமா," என்றேன், உரக்க.

மாமா கைதட்டினார். என் தலையில் கைவைத்து ஆட்டினார். அப்பா எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். அங்கே வெகுநேரம் இருமல் கேட்டது. இருமல் என்றுதான் நினைத்தேன். தோற்றவர் என்னைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போக வேண்டும் என்பது வழக்கம். அன்று யாரும் தூக்கவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து லாரி வந்தது. மாமா பச்சைச் சைக்கிளின் மணியை எனக்கு அடித்துக் காட்டி, "இது இனிமே ஒன்னோடது. பிரேக்க மட்டும் நம்பாத," என்றார். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. கப்பலைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரத் துரை வேறு நாயோடு திரும்பி வந்தார். அப்பாவின் கட்சி ஜெயித்துவிட்டது. யார் ஜெயித்தது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. சயாமிலிருந்து திரும்பிய சிலர் மாமாவைப் பார்க்கவில்லை என்றார்கள். அப்பா சாகும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பச்சைச் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். தானே ஓட்டியதில்லை.

தோட்டத்தை விட்டு இப்போது ரஹாங் பட்டணத்தில் இருக்கிறோம். என் பிள்ளைகள் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, எந்த நாடு எந்த நாட்டுக்கு எத்தனை விமானம் விற்கிறது, யார் ஏவுகணை தூரம் போகும் என்று சண்டை போடுகிறார்கள். முடிவு வராதபோது, "அம்மா, நீங்க சொல்லுங்க," என்கிறார்கள். எனக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

யார் ஜெயித்தார்கள் என்பதல்ல, நான் எப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்பதையே மாமா எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார், ஒரு சாயங்காலம் விடாமல். என் ரகசியம் என்று நான் நினைத்தது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் முந்தின நாளே வேண்டுமென்று தோற்றுவிட்டு, மறுநாள் என் முன்னால் வந்து குந்தியிருந்தார், தன் முறைக்காக.