டாங்கோவும் என்னை ஏமாற்றிவிட்டது

வியாழக்கிழமைகளில் டாங்கோ நடன வகுப்புக்கு நான் போவதே, என் கணவரின் பழம்பெருமையிலிருந்து ஒரு மணி நேரமாவது தப்பத்தான்.

முன்பு கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருந்தபோது அவர் அங்குள்ள தமிழ் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல்கீப்பர். இருபது வருடமாக வீட்டில் அந்தக் கதைதான்.

வகுப்பில் ஒரு பாட்டுக்கு மட்டும் என் கண் கலங்கிவிடும். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. காதல் பாட்டு என்றே நம்பியிருந்தேன்.

இன்று வகுப்பு முடிந்து, நாங்கள் இப்போது இருக்கும் இஷொய்க்குத் திரும்பும் ரயிலில், கூட ஆடும் சிலி நாட்டுப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன்.

"காதலா? ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்கே நான் ராஜா, இப்போது என்னை ஒருவருக்கும் தெரியவில்லை என்று ஒருத்தன் புலம்புகிறான்" என்றாள்.

அடப்பாவி! இதற்கா இரண்டு வருடம் அழுதேன்?

வீட்டுக்கு வந்த கையோடு அவரிடம் பொரிந்து தள்ளினேன். "இஞ்சேருங்கோ, உங்கட புலம்பலைத்தான் அவனும் பாடுறான்!"

பாட்டைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"பாவம். அவனும் கோல்கீப்பரோ?"

பிறகு சொன்னார்: "அடுத்த வியாழன் நானும் வாறன்."

பாட்டே இல்லாத நடனம் எங்காவது சொல்லிக்கொடுக்கிறார்களா? தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் மட்டும் எழுதுங்கள். கொமென்ட் எல்லாம் அவர் வாசிப்பார்.