அக்காவிடம் இருந்த மீதி ஈரல்

வயிற்று உறுப்புகளை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சைதான் என் தொழில். அதோடு ஓர் ஆய்வும் நடத்துகிறேன். கல்லீரலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்தவர்கள் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது அது. வாங்கியவர்களை ஆயுள் முழுக்கக் கவனிக்கிறோம். கொடுத்தவர்களோ தையல் பிரித்ததும் ஊருக்குப் போய்விடுகிறார்கள், பிறகு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பரிசோதனைக்கு அழைத்தும் வராதவர்களின் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் ஒவ்வொரு மாதமும் பார்க்காதது போலத் தாண்டிக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் மிளகும் மரவள்ளியும் போடும் குடும்பம். தம்பிக்கு ஈரல் கொடுத்த அக்கா. ஒன்பதாம் நாள் தம்பி இறந்துவிட்டான். அவனுக்கு அதைப் பொருத்தியவன் நான்.

யாரையாவது அனுப்பலாம் என்று ஆய்வில் உடன் இருப்பவர்கள் சொன்னார்கள். நானே போகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. பேருந்து மலை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் வாந்தி எடுத்தார். எனக்குக் குமட்டல் இல்லை. பயம்தான் இருந்தது. சோளக்காடு நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடலாமா என்று பத்து நிமிடம் நின்றேன்.

வீட்டு வாசலில் அந்த அக்காவின் கணவர் அரிவாளால் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க" என்றார், சீவுவதை நிறுத்தவில்லை. மிளகுக்கொடிப் பக்கமிருந்து அந்த அக்கா வந்தார். மெலிந்திருந்தார். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தபடியே தள்ளி நின்றார்.

"எத்தனை தடவை போன் பண்ணினோம், ஏம்மா வரலை?"

"பயமுங்க."

"எதுக்குப் பயம்?"

அவர் கணவரை ஒரு முறை பார்த்தார். "தம்பிக்குக் குடுத்த ஈரல் வேலை செய்யலைன்னு சொன்னீங்களே. அதே ஈரலோட மீதிதானுங்க எங்கிட்ட இருக்குது. இது எப்ப நிக்குமோன்னு தெனம் விடிஞ்சதும் கண்ணாடியில கண்ணு மஞ்சளா இருக்குதான்னு பாக்குறேன். எங்கம்மா எங்கூடப் பேசறதே இல்லீங்க. கெட்ட ஈரலைக் குடுத்து மகனைக் கொன்னுட்டேனாம்."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, வராந்தாவில் நின்று, "புது ஈரல் வேலை செய்யலை" என்று சொன்னது நான்தான். பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் நான் எங்கும் இல்லை. என்னை ஒளித்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னேன் என்பது அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது. கணவர் சீவுவதை நிறுத்தியிருந்தார்.

"உங்க ஈரல் கெடலைம்மா," என்றேன். "அதுக்கு ரத்தம் போற குழாயைத் தம்பி உடம்போட சேர்த்துத் தச்சது நான். தீக்குச்சி கனம்தான் இருக்கும். நான் தச்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிச்சு. மறுபடி திறந்து சரிபண்ணியும் ரத்தம் ஓடலை. ரத்தம் இல்லாமத்தான் அது செத்துச்சு. நீங்க குடுத்தது நல்ல ஈரல்."

"இத அப்பவே ஏனுங்க சொல்லல?" என்றார் கணவர். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பயந்துட்டேங்க."

அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் போனார். அக்கா வாசலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று மூடிய முகத்தோடே சொன்னார்.

திரும்பும் வழியில்தான் அடுத்த பயம் பிடித்தது. சோதித்துப் பார்க்காமலே நல்ல ஈரல் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். விலாவில் கை வைத்திருந்தாரே, அங்கே வலியா? மெலிவு எதனால்? திங்கள் வரை சோறு இறங்கவில்லை.

வந்தார். அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். திரையில் படம் தெளியும்வரை நான் மூச்சுவிடவில்லை. மீதியிருந்த ஈரல் முழு அளவுக்கு வளர்ந்திருந்தது, ரத்த ஓட்டமும் சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. விலாவில் இருந்தது தழும்பின் இழுவைதான், மெலிவு பயத்தால் வந்தது.

"அம்மா வெளியில உக்காந்திருக்குதுங்க. நான் சொன்னா நம்பாது. நீங்களே சொல்லுங்க," என்றார்.

கைதிபோல வெளியே போனேன், மகளும் வந்து அருகில் உட்கார்ந்தார். அவர்கள் வீட்டு வாசலில் சொன்னதையே ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டு முடித்து, என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"தைக்கறப்பக் கையி நடுங்குச்சா சாமி?"

"இல்லீங்கம்மா. நல்லாத்தான் தச்சேன். அப்படியும் அடைச்சுக்கிச்சு."

அவர் என்னைத் தாண்டி மகளைப் பார்த்து, "பஸ்ஸு போயிரும், வா கண்ணு," என்றார். மகள் அழுதுகொண்டே எழுந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை.