தடியில் எத்தனை கை

லண்டனில் கைத்தடியோடு பஸ்ஸில் ஏறினால், காதில் பாட்டு மாட்டியிருக்கிற பெடியனும் எழும்பி இடம் விடுவான். அதே தடியை, நான் துப்புரவு வேலை செய்த கல்லூரியில் தும்புத்தடிகளுக்கு நடுவே அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன். முழங்கால் தேய்ந்தவள் என்று தெரிந்தால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவளுக்கு இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்? மகளின் வீட்டில் சும்மா குந்தியிருந்து சாப்பிட எனக்கு மனம் வராது.

எங்கள் சூப்பர்வைசரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். முதல் நாள், "வாங்கோ அம்மா" என்று கதிரை இழுத்துப் போட்டார். "ஊரிலை எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். "கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?" என்றார். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? அதையும் சொன்னேன். மறுநாளே அம்மா போய், "இஞ்சை வா" ஆயிற்று. நான் ஊற்றிய தேத்தண்ணீர் அவருடைய மேசையில் ஆறிக் கிடந்தது. பிளேனில் வந்த மனிதர், ஊர்ச் சாதியையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அந்தக் குளிர்காலம் நூலகத்தில் பழைய அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் படங்களை வைத்தார்கள். நூறு வருடத்துக்கும் முந்தியவை. படகு வலிப்பவர்கள், மீசையை முறுக்கிக்கொண்டு பாட்டுப் பாடுபவர்கள். ஒரு படத்தில் மட்டும் சட்டை கிழிந்து, சேறு பூசி, ஒரே ஒரு கைத்தடியில் முப்பது நாற்பது பேர் தொங்கினார்கள். அங்கே வேலை செய்யும் மலேசியத் தமிழ்ப் பிள்ளையிடம் என்ன இது என்று கேட்டேன்.

"புதுசா சேர்ந்த பசங்க கைத்தடி வச்சிக்கக் கூடாது ஆன்ட்டி, சீனியர்ங்க விடமாட்டாங்க. அதுக்காக ரெண்டு வகுப்பும் அடிச்சிக்குவாங்க. நேரம் முடிஞ்சதும் தடியில எந்த வகுப்போட கை அதிகமா இருக்குன்னு எண்ணுவாங்க. அதிகமா இருந்தா ஜெயிச்சாங்க" என்று சிரித்தாள். "உங்க ஊர்லயும் இப்படி விளையாட்டு இருந்துச்சா?"

"இருந்தது பிள்ளை. தடி இல்லை, குடை."

"அப்படியா! ஸோ க்யூட்!"

எங்கள் பகுதி ஆட்கள் பெரிய சாதிக்காரரின் தெருவில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். ஒரு மாரி மழையில் என்னைப் பெற்ற அப்பு விரித்துப் பிடித்தார். நாலு பேர் பறித்து, கம்பிகள் வளைய வளைய அவருடைய முதுகிலேயே அடித்தார்கள். வீட்டுக்கு வரும்போது குடைப்பிடி மட்டும் அவர் கையில் இருந்தது. படத்துப் பெடியள் தோற்றாலும் அடுத்த வருடம் அவர்களே சீனியர். தடி தானாகக் கைக்கு வரும். அப்புவுக்கு அந்த அடுத்த வருடம் வரவேயில்லை.

மறுநாள் நான் தடியை அலுமாரிக்குள் ஒளிக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டே நூலகத் தரையைத் துடைத்தேன்.

"ஆர் உன்னைத் தடியோடை வரச் சொன்னது? பெரிய மகாராணி! கொண்டா இஞ்சை." சூப்பர்வைசர் தடியை எட்டிப் பிடித்தார், மற்றக் கையில் அவருடைய ஃபோன். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன்.

"எண்ணும் தம்பி" என்றேன்.

"என்னத்தை?"

"கையை. உம்மடை கை ஒண்டு. என்ரை கை ரெண்டு."

மலேசியப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். ஓடிவந்து தானும் ஒரு கை போடுவாள் என்று நினைத்தேன். அவள் கம்பியூட்டருக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவர் கையை விட்டார். விட்ட கையைக் காற்சட்டையில் துடைத்தார். "நாளைக்கு நீ வரத் தேவையில்லை."

முன்வாசல் படியால் இறங்கினேன். வெளியே மழை. வலக்கையில் தடி, இடக்கையில் விரித்த குடை. இந்தத் தெருவில் ஒருவரும் மடக்கச் சொல்லமாட்டார்கள். ஹவுன்ஸ்லோ பஸ் வந்தது. கை காட்டினால்தான் அந்தத் தரிப்பில் நிற்கும். எந்தக் கையை விடுவது என்று நான் பார்த்துக்கொண்டு நிற்க, அது என்னைக் கடந்து போயிற்று.