தமிழ் வந்து சேர்ந்த பெட்டி

ஆங்கிலப் பாடத்தின் நடுவே யசோதினி டீச்சர் எழுந்து போய் வகுப்பறைக் கதவைச் சாத்துவார். காற்றுக்காக அல்ல, எதையாவது தமிழில் விளக்க வேண்டியிருந்தால் மட்டும். ஆங்கில நேரத்தில் வேறு மொழி காதில் விழக்கூடாது என்று, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளுக்கும் வருடக்கணக்காய்ப் பழகிவிட்டது. "டீச்சர், கதவைச் சாத்துங்க, ஒண்ணும் வெளங்கல" என்று அவர்களே கேட்பார்கள்.

பிறகு கொள்கை மாறியது. தாய்மொழியைத் துணையாக வைத்துத்தான் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்று புதிய திட்டம் ஒன்று அறிவித்தது. டீச்சருக்கு நிம்மதி, கொஞ்சம் எரிச்சலும். இத்தனை காலம் திருட்டுத்தனமாய்ச் செய்ததற்கு இனிச் சான்றிதழ் தருவார்கள்.

திட்டத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பளபளவென்று பட அட்டைகள். படத்துக்குக் கீழே ஆங்கிலம், அதற்குக் கீழே சிங்களம். ஆறாம் வகுப்பு ஜீவராணி ஓர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம தாய்மொழி பின்னாடி இருக்குமா டீச்சர்?"

பின்னால் ஒன்றுமில்லை.

தோட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் தமிழ் அட்டை வேண்டும் என்று டீச்சர் மேலிடத்துக்கு எழுதினார். பதில் இல்லை. காத்திருந்தால் பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டிவிடுவார்கள். எனவே அவர்களையே தமிழ்ச் சொற்களைச் சொல்லவைத்து எழுதிக்கொண்டு, பதுளையில் அச்சுக்கடை வைத்திருக்கும் ரிஷியிடம் போனார். ரிஷி சொற்களை ஸ்டிக்கராக அடித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் திட்டத்தின் சின்னத்தையும் போட்டுவிட்டான்.

"இது எதுக்கு தம்பி?"

"சின்னம் இல்லாட்டி எவன் மதிப்பான் அக்கா? இப்ப பாருங்க, கொழும்புல இருந்து வந்த மாதிரி இருக்கு!"

டீச்சர் மறுக்கவில்லை. தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவர். சின்னம் இல்லாத காகிதத்தை அவரும்தான் நம்புவதில்லை.

பிள்ளைகள் கூடி அவற்றை அட்டைகளில் ஒட்டினார்கள். அடுத்த சில மாதங்களில் வாய் திறக்காத பிள்ளைகூட அரைகுறை ஆங்கிலத்தில் சண்டை பிடித்தது. அப்போதுதான் திட்ட அதிகாரி றுஷ்தி சேர் பார்வையிட வந்தார். அட்டையைக் கையில் எடுத்தவர் முகம் மலர்ந்துபோனது.

"அட, தமிழ்ப் பெட்டி வந்து சேந்திருச்சா! நம்ம ஆக்களும் வேலை செய்றாங்கதான்."

டீச்சர் பள்ளி அதிபர் வீரசிங்கத்தைப் பார்த்தார். சின்னம் போட்டது யார் என்று விசாரணை வருவதை அதிபர் விரும்பவில்லை. "ஆமாங்க சேர், வந்திருச்சு" என்றார்.

ஜீவராணிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். "சேர், நோ! வீ பேஸ்ட் தமிழ்! தமிழ் நோ கம்!"

றுஷ்தி சேர் கைதட்டினார். "பாத்தீங்களா, என்ன அழகா இங்லீஷ் பேசுது! கூச்சமே இல்ல!"

டீச்சர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் றுஷ்தி சேர் திரும்பி, "உங்கள மாதிரி ஆளத்தான் தேடுறோம் டீச்சர். மத்த டீச்சர்மாருக்குப் பயிற்சி குடுக்க, திட்டத்துக்கு வளவாளரா பதுளைக்கு வந்திருங்க" என்றார்.

"சரிங்க சேர்" என்றார் டீச்சர்.

ஸ்பிரிங்வெளியில் பார்த்ததை வைத்து, ஊவா மாகாணத் தோட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் தமிழ் அட்டைகள் கிடைத்துவிட்டதாக அறிக்கை போனது. டீச்சர் எழுதிய கோரிக்கை, நிறைவேறியது என்ற குறிப்போடு மூடப்பட்டது. டீச்சர் பதுளைக்குப் போய்விட, ஜீவராணியின் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க ஆள் இல்லை.

சில வாரங்களில் நமுனுகுலத் தோட்டப் பள்ளியிலிருந்து நிரோஜா டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டாள். "எங்களுக்கும் தமிழ்ப் பெட்டி வந்திருச்சாமே அக்கா! அலுமாரிய கவுத்துப் பாத்துட்டேன், காணோம்."

"நானே ஒண்ணு செஞ்சு அனுப்புறேன் தங்கச்சி" என்று யசோதினி வாக்குக் கொடுத்தார். கொடுத்தபோது மனதாரத்தான் கொடுத்தார். ஆனால் அனுப்பினால், மேலிடத்திலிருந்து எதுவும் வரவேயில்லை என்றாகும். அப்படியானால் ஸ்பிரிங்வெளியில் இருப்பது என்ன என்று கேட்பார்கள். வளவாளர் நாற்காலி அந்தக் கேள்வியைத் தாங்காது.

இப்போது அவர் மண்டபங்களில் நின்று, தாய்மொழி எவ்வளவு பெரிய வளம் என்று ஆங்கிலத்தில் விளக்குகிறார். போன பயிற்சியில் நிரோஜா முன்வரிசையில் இருந்தாள். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அந்தப் பெட்டி..."

"அடுத்த ஸ்கூல் தவணைக்குக் கட்டாயம் தங்கச்சி."

அந்தத் தவணையும் முடிந்துவிட்டது. நமுனுகுலவுக்குப் பெட்டி இன்னும் போகவில்லை.